முலுண்ட் லோக்கலில் ஆயுத பூஜை

"இந்த வருஷம் கார்டு வேண்டாமே. பூவும் பொரியும் போறாதோ?" என்று வி.எஸ். கேட்டபோது ஜகந்நாதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது. ஆனால் மனதில் பயம் இருந்ததால் வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"அதெப்படி வி.எஸ்.? இத்தனை வருஷ வழக்கத்தை விடலாமா?" என்று பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டார்.

எதிரில் இருந்த பத்ரி ஒரு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு அவனும் குரலை உயர்த்தினான். "கரெக்ட் ஸார். கார்டு கட்டாயம் வைக்கணும்."

"பராபர்!" என்றான் சாய்நாத். "கார்டே இல்லேன்னா பூஜா கைசா?"

வி.எஸ். இருமினார். "நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? சும்மா கேட்டேன். வச்சுடலாம்."

விஷயம் இதுதான். தாணேயில் கிளம்பி முலுண்ட் வழியாக வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸுக்குப் போகிற எட்டு பதினேழு ஸ்லோ லோக்கலில், ஜன்னலோரம் எதிரெதிராக இருக்கும் இந்த நாலு இடங்களும் இந்த நாலு பேருக்குத்தான். சாய்நாத் தாணேயிலேயே ஏறிக் கைக்குட்டை போட்டு வைப்பான். செம்பூரில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பான். பத்ரிக்கு ஒரு பன்னாட்டு வங்கியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வேங்கடசுப்ரமணியன் என்கிற வி.எஸ்.தான் கூட்டத்தில் மூத்தவர். வெளிநாட்டு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவு.

தசராவுக்கு முந்தின நாள் பம்பாய் லோக்கல்களில் பூஜை போடுவது ஊர் வழக்கம். மாவிலை கட்டி, செண்டுமல்லி தொங்கவிட்டு, தேவி படத்தை ஒட்டி ஆரத்தி காட்டுவார்கள். அதில் இந்த நாலு பேருக்கென்று ஒரு தனி வழக்கம் உண்டு. முதல் வருஷம் பொரி வைத்த தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு வி.எஸ்., "கொத்தனார் கரண்டியை வைப்பான், டெய்லர் கத்தரியை வைப்பான். நமக்கு என்ன ஆயுதம் இருக்கு?" என்று யோசித்தார். கழுத்தில் தொங்கிய ஆபீஸ் கார்டைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். "இதுதான் நமக்குச் சாதம் போடறது" என்றார். அன்று முதல் நாலு பேரும் கார்டு வைத்து, குங்குமம் இட்டு, ஆரத்தி ஆன பிறகு கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

வைப்பதற்கு ஜகந்நாதனிடம் இப்போது கார்டு இல்லை.

ஐரோப்பியக் கப்பல் கம்பெனி ஒன்றின் ஃபோர்ட் ஆபீசில், எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் போகிறது என்று பத்திரம் தயாரிக்கும் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவர் அவர். மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பிரிவையே மூட்டை கட்டி மணிலாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்புவதற்கு முன், மணிலாவில் இருந்த இரண்டு பெண்களுக்குத் தினமும் திரையில் உட்கார்ந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். நல்ல பெண்கள். அந்த ஊரில் 'சார்' முன்னால் வரும் போலிருக்கிறது. "சார் ஜகன், சார் ஜகன்" என்று உருகுவார்கள். கடைசி நாளன்று திரையிலேயே கேக் வெட்டிப் பாட்டுப் பாடினார்கள். இவர் இந்தப் பக்கம் கை தட்டினார். கீழே வந்ததும் செக்யூரிட்டிக்காரர் கார்டை வாங்கி, "ஸாரி ஸாப்" என்று சொல்லிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார்.

அன்றைக்கே வண்டியில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி நடுவில் ஷர்மிளா இருந்தாள்.

ஷர்மிளா அவருடைய ஒரே பெண். வி.எஸ்.ஸின் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சந்தோஷமாகத் தலையாட்டி ஆகிவிட்டது. வி.எஸ்.ஸின் மனைவி அகிலாண்டம் மட்டும் ஒன்று சொன்னாள்: "எங்களுக்கு ஒரு பொடி நகை வேண்டாம். பொண்ணோட அப்பா உத்யோகத்தில இருக்கறச்சேயே கல்யாணம் நடக்கணும். அதுதான் ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை." வி.எஸ். அப்போது காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் ஜகந்நாதனின் கார்டு வெட்டப்பட்டது.

அன்று முதல் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார். வி.டி.யில் இறங்கி நாலு பேரும் டீ குடிப்பார்கள். மற்ற மூன்று பேரும் அவசரமே இல்லாமல் சர்க்கரை கரையும்வரை நிதானமாகக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்து, 'எப்பேர்ப்பட்ட நல்ல ஆபீசர்கள் இவாளுக்கு வாய்ச்சிருக்கா' என்று ஏங்குவார். பிறகு ஆளுக்கொரு திசையில் பிரிவார்கள். இவர் ஃபோர்ட்டில் ஒரு வாசகசாலைக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்வார். நாலு இடத்தில் வேலை கேட்டாயிற்று. ஓரிடத்தில் பேட்டி எடுத்த சின்னப் பையன், "இத்தனை வருஷம் ஒரே கம்பெனியிலயா இருந்தீங்க?" என்று, ஏதோ வியாதியைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டான்.

வீட்டில் மனைவி பத்மஜாவுக்கு மட்டும் தெரியும்.

"ஏன்னா, வி.எஸ்.ட்ட சொல்லிடுங்கோ" என்றாள் அவள். "வேலை போனது உங்க தப்பில்லை. தினம் டிபன் கட்டிண்டு வேலைக்குப் போறேளே, அதுதான் தப்பு."

"கல்யாணம் ஆகட்டும், சொல்லிடறேன்."

"பூஜைக்குக் கார்டு கேப்பாளே?"

"அதுக்கு வழி பண்ணிண்டாச்சு" என்றார்.

திங்கட்கிழமை வண்டியில் அந்த வழியை எடுத்துவிட்டார். "ஒரு சின்ன விஷயம். எங்க கம்பெனில கார்டு சிஸ்டமே போயிடுத்து. இப்ப மூஞ்சியைக் காட்டினா கதவு திறக்கறது. அதனால என்னால மட்டும் கார்டு வைக்க முடியாது."

வி.எஸ். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அடடா! ஒருத்தர் வைக்கலேன்னா யாருமே வைக்க வேண்டாம்" என்று ஆரம்பித்தார்.

பத்ரி குறுக்கே பாய்ந்தான். "ஸார், அந்த மெஷினைத்தான் என் மச்சினன் விக்கறான்! எந்த மாடல்னு பாக்கணுமே. நாளைக்கு மத்தியானம் உங்க ஆபீசுக்கு வரட்டுமா? எனக்கு ஃப்ரீதான்."

ஜகந்நாதன் அவசரமாகக் கையை ஆட்டினார். "நாளைக்கா? நாளைக்கு வேண்டாம். அது... ரிப்பேர் ஆயிடுத்து."

"அதுக்குள்ளயா?"

"ஆமாம். யார் மூஞ்சியைக் காட்டினாலும் திறந்துடறது. அதனால மறுபடியும் கார்டே குடுக்கறான். எல்லாருக்கும் புதுக் கார்டு."

"அப்போ கார்டு இருக்கு" என்றார் வி.எஸ். வெளிச்சம் போய்விட்டது. "வச்சுடலாம்."

சாய்நாத் கண்ணைச் சுருக்கினான். "ஸார், ஏக் மினிட். புதுக் கார்டுன்னா புது டெசிக்னேஷன் போட்டிருப்பாங்களே. ப்ரமோஷன் கிடைச்சுதா? மிலா க்யா?"

ஜகந்நாதன் இல்லை என்று தலையாட்டத்தான் நினைத்தார். ஆனால் மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு ஆவல் இருந்தது. எத்தனை மாதமாயிற்று, ஒருவர் இவரை அப்படிப் பார்த்து! ஒரே ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டார். அது போதுமானதாக இருந்தது.

"மிலா! மிலா!" என்று சாய்நாத் கத்தினான். பக்கத்து வரிசையில் தாளம் போட்டு பஜனை பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். யாரோ ஒருவர் முதுகில் தட்டினார். பத்ரி, "மேனேஜர் ஸார், பார்ட்டி எப்போ?" என்றான். வி.எஸ். இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பகவான் கண்ணைத் திறந்துட்டார்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"அகிலாண்டம் மாமி ஃபோன் பண்ணினா" என்றாள் பத்மஜா. குரலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மேனேஜர் ஆத்து மாமிக்கு கங்கிராஜுலேஷன்ஸாம். இனிமே தாமசிக்கப்படாதாம். தீபாவளிக்கு அப்புறம்னு இருந்த நிச்சயதார்த்தத்தை முன்னாலேயே வச்சுக்கணும்னு வி.எஸ். ஒத்தைக்கால்ல நிக்கறாராம். புதன்கிழமை தேதி குறிக்க வரா."

"வி.எஸ்.ஸுக்கு என்ன அவசரம்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க வண்டி சிநேகிதர்தானே. போங்கோ, முதல்ல மேனேஜர்னு கார்டு வாங்கிண்டு வாங்கோ. தாம்பாளத்தில வைக்கணுமே!"

உள்ளே ஷர்மிளா போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வேலை போனதற்குக்கூட அவர் அழவில்லை. இந்தப் பெண்ணின் சிரிப்பு தன்னால் நின்றுபோகுமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மறுநாள் தாராவியில் விசாரித்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். ஆபீசுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கார்டு அச்சடித்துக் கயிறு கோத்துக் கொடுக்கிற கடை. உரிமையாளர் இசக்கிராஜ், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மெஷின் சத்தத்துக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். கார்டா?"

"ஆமாம். பழைய கார்டு தொலைஞ்சு போயிடுத்து."

"எல்லாருக்கும் தொலையத்தான் செய்யிது சார். உக்காருங்க."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த மனுஷன். ஜகந்நாதன் கொடுத்த போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன உத்தியோகம்னு போடணும்?"

"மேனேஜர்."

"இதுல பல்லு தெரியச் சிரிக்கியளே சார். மேனேஜர் சிரிப்பாரா? வேற போட்டோ எடுப்போம். சுவத்துப் பக்கம் நில்லுங்க. முகத்த உம்முனு வச்சிக்கிடுங்க."

உம்மென்று வைத்துக்கொள்ள அவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

"பிரமாதம். நம்பர் உண்டுமா சார், ஆபீஸ் நம்பரு?"

ஜகந்நாதன் தன் பழைய நம்பரைச் சொன்னார். இருபத்தாறு வருஷமாகச் சம்பளச் சீட்டிலும் லீவு லெட்டரிலும் எழுதிய நம்பர். கடைசி இரண்டு எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னார். இசக்கிராஜ் கவனிக்காதவர்போலக் கயிற்றுக் கட்டைப் பிரித்து, "நீலமா, செவப்பா?" என்றார்.

"நீலம். எப்போ கிடைக்கும்?"

"பூசை நேரம், ஆர்டர் குமிஞ்சி கெடக்கு. நாளைக்கு ராத்திரி ஆயிரும்."

"நாளைக்கு சாயந்தரம் ஆத்துக்கு மனுஷா வராளே! வியாழக்கிழமை காலம்பற வண்டியில பூஜை!"

"பதறாதிய சார். வியாழக்கெழம காலையில நான் சயன் ஸ்டேஷன் வழியாத்தான் போறேன். வண்டியச் சொல்லுங்க, வாசல் வழியா நீட்டிருதேன்."

ஜகந்நாதன் வண்டியைச் சொன்னார். எத்தனையாவது பெட்டி, எந்தப் பக்கத்து வாசல் எல்லாம் சொன்னார். இசக்கிராஜ் தலையை ஆட்டிக்கொண்டு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கலையா?"

"எதுக்கு சார்? ஞாபகம் இருக்கும்."

புதன்கிழமை சாயங்காலம் வி.எஸ். குடும்பத்தோடு வந்தார். பத்மஜா சொஜ்ஜியும் பஜ்ஜியும் பண்ணியிருந்தாள். அகிலாண்டம், வாய்க்கு வாய் "மேனேஜர்" என்றாள். இவர் வண்டியில் சொல்லியிருந்த மணிலாக்காரர்கள் எல்லாம் இனிமேல் இவருக்குக் கீழேதானா என்றுகூடக் கேட்டாள். "ஆமாம்" என்றார் ஜகந்நாதன். பஜ்ஜி தொண்டையில் சிக்கிக்கொண்டது. பத்மஜா தண்ணீரை எடுத்து வந்து, வேண்டுமென்றே சத்தம் வரும்படி வைத்தாள்.

பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்ப்பதும் பார்க்காததுமாக உட்கார்ந்திருந்தார்கள். தேதி குறித்தாயிற்று. வரும் ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு, மாட்டுங்கா கோவில் மண்டபத்தில்.

காப்பி ஆனதும் வி.எஸ்., "இப்படிக் கொஞ்சம் வாங்கோ" என்று பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

"ஒரு உபகாரம்" என்றார் கடைசியில். "நீங்க இப்ப மேனேஜர். உங்க பிரிவில ஆள் எடுப்பேளோ? எனக்கு வேண்டப்பட்டவர் ஒருத்தர். கணக்கில புலி. அவரோட பிரிவை போலந்துக்குக் கொண்டுபோயிட்டான். வயசுதான் கொஞ்சம் ஆயிடுத்து. ஆனா உழைப்பாளி. எந்த நாற்காலி குடுத்தாலும் உக்காருவார். ஆத்தில சொல்ல முடியாம தவிக்கிறார், பாவம்."

ஜகந்நாதனுக்கு அந்த முகம் தெரியாத மனுஷர்மேல் அப்படி ஒரு இரக்கம் பொங்கியது. தன்னைப்போலவே ஒருத்தன் எங்கேயோ ஒரு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் பொய்யான நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேல் வெறுப்பு வந்தது.

"ரெஸ்யூமே அனுப்பச் சொல்லுங்கோ" என்றார். "என்னால ஆனதைப் பண்றேன்."

வி.எஸ். அவர் தோளில் கை வைத்தார். தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர்கள் போனதும் ஜகந்நாதனின் போனில் ஒரு செய்தி வந்தது. மணிலாப் பெண்களில் மூத்தவள். அவளுடைய வேலையை இப்போது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். 'சார் ஜகன், உங்கள் ஊரில் நாளைக்கு ஏதோ பூஜை என்று சொன்னீர்களே. எனக்காகவும் வேண்டிக்கொள்வீர்களா?' என்று எழுதியிருந்தாள். இவளைக் கரித்துக்கொட்டி எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்திருக்கிறார். இப்போது அவளை நினைத்தும் மனசு வலித்தது. 'கட்டாயம் அம்மா' என்று பதில் அனுப்பினார்.

வியாழக்கிழமை வண்டி கல்யாணக் களையோடு வந்தது. வாசலில் வாழைக்கன்று, கம்பியெல்லாம் செண்டுமல்லி, நடுவில் பலூன். பஜனைக்காரர்கள் பாண்டுப்பிலேயே உச்சஸ்தாயிக்குப் போய்விட்டார்கள். தேவி படத்துக்கு முன்னால் தாம்பாளம் தயாராக இருந்தது. அதில் பொரி, கடலை, சுண்டல், குங்குமச் சிமிழ் எல்லாம் இருந்தன. கார்டு வைக்கும் இடம் மட்டும் காலி.

ஜகந்நாதன் மேனேஜருக்குத் தகுந்தபடி இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டிருந்தார். காட்கோபர் போயிற்று. குர்லா வந்தது. சயன் அடுத்தது.

"ஆரத்தி எடுக்கலாமா?" என்று பஜனைக்காரர்களில் ஒருவர் கேட்டார். "கார்டெல்லாம் வைங்க ஸாப்."

ஜகந்நாதன் வாயைத் திறப்பதற்குள் பத்ரி சொன்னான். "சயன் தாண்டட்டுமே."

"ஹாங், சயன் தாண்டட்டும்" என்றான் சாய்நாத். "ஜல்தி க்யா ஹை?"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் வி.எஸ். "சயன் தாண்டினா கொஞ்சம் கூட்டம் குறையும்."

சயனில் கூட்டம் குறைந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனாலும் அம்பாள் தன் பக்கம்தான் இருக்கிறாள் என்று ஜகந்நாதனுக்குப் புல்லரித்துவிட்டது. இப்பேர்ப்பட்ட சிநேகிதர்களிடம் போய்ப் பொய்க் கார்டைக் காட்டப்போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நிச்சயதார்த்தம் முடியட்டும், வி.எஸ். காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தேவி படத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டார்.

வண்டி வேகம் குறைந்தது. அவர் எழுந்தார். "காத்து வரலை. வாசல்ல நின்னுட்டு வரேன்."

"எனக்கும் ஒரு மாதிரி இருக்கு" என்று பத்ரி எழுந்தான்.

"மேரா ஏக் தோஸ்த் ப்ளாட்ஃபாரம்ல நிப்பான்" என்று சாய்நாத்தும் எழுந்தான்.

வி.எஸ். மட்டும் உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று ஜகந்நாதன் நினைத்தார். சம்பந்தி பார்க்காமல் இருந்தால் போதும், மற்ற இரண்டு பேரை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். பூவையும் பலூனையும் விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், வி.எஸ். அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பூ உதிர்றது, சரியாக் கட்டணும்" என்றார், பூவைத் தொடாமல்.

சயன் ப்ளாட்ஃபாரம் வந்தது. கூட்டத்துக்கு நடுவே, நெற்றியில் திருநீறும் வெள்ளைச் சட்டையுமாக இசக்கிராஜ் நின்றுகொண்டிருந்தார். சரியாக அந்தப் பெட்டியின் அந்த வாசலுக்கு நேராக. ஜகந்நாதன் கண்ணாலேயே, வேண்டாம், பேசாதே, அப்படியே போய்விடு என்று கெஞ்சினார். இசக்கிராஜுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. வாசலில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"அடடே, எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கியளா, நல்லதாப் போச்சு!" என்று, பழுப்புக் கவர் ஒன்றை உள்ளே நீட்டினார். "நாலு கார்டும் இதுலதான் இருக்கு சார், பேரப் பாத்துப் பிரிச்சிக்கிடுங்க."